சின்னவனைப் பார்க்கப் போகலாமா?

கேள்வி:

எனக்கு வயது 57. இரண்டு பையன்கள். பெரியவனுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். சின்னவனுக்கு இன்னும் ஆகவில்லை, குடிப்பழக்கம் உண்டு. போன பொங்கலுக்கு மறுநாள் குடித்துவிட்டு வந்து, வீட்டு மனையைப் பிரிக்கச் சொல்லித் தகராறு செய்தான். பெரியவன் அவனை ஓர் அறை விட்டான். சின்னவன் அடுப்படியில் கிடந்த அரிவாளை எடுத்து வெட்டிவிட்டான். என் கண் முன்னால் நடந்தது. பிறகு அவனே ஆட்டோ பிடித்து அண்ணனை ஜி.எச்.சுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். வழியிலேயே உயிர் போய்விட்டது.

இப்போது மத்திய சிறையில் இருக்கிறான். விசாரணை இன்னும் ஆரம்பிக்கவில்லை. நடந்ததைப் போலீஸிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் அப்போதே சொல்லிவிட்டேன். அவனுக்கு வைத்த வக்கீல், "பின்கட்டில் இருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை என்று கோர்ட்டில் சொல்லுங்கள், பையன் வெளியே வந்துவிடுவான்" என்கிறார். என் வீட்டுக்காரர், "எனக்கு ரெண்டு பிள்ளையும் செத்தாச்சு" என்று சொல்லிவிட்டுப் பேச்சையே நிறுத்திவிட்டார். மருமகள் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "ஜெயிலுக்குப் போய் அவனைப் பார்த்தா பேரப்பிள்ளைங்களை மறந்துடுங்க" என்கிறாள். சொந்தக்காரர்கள் மனுநீதிச் சோழன் கதையைச் சொல்கிறார்கள். "அம்மாவை ஒரு தடவை வரச் சொல்லுங்க" என்று சின்னவன் ஆள் சொல்லி அனுப்புகிறான். நான் போனால் செத்த பிள்ளைக்குத் துரோகமா? கோர்ட்டில் என்ன சொல்வது? அவன் பெயிலில் வந்தால் வீட்டில் சேர்க்கலாமா?

– பெயர், ஊர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போய்ப் பாருங்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு தாய் சிறைக்குப் போய்த் தன் மகனைப் பார்ப்பது துரோகம் ஆகாது. பெரியவன் மேல் உங்களுக்கு இருந்த பாசத்தில் அது ஒரு துளியையும் குறைக்காது. மனு போட்டு, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அவன் முகத்தைப் பார்ப்பதால் அவன் செய்தது சரி என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது. அப்படிச் சொல்கிறவர்கள் உங்கள் நிலைமையில் ஒரு நாள்கூட இருந்ததில்லை.

ஆனால் மகனோடு நிற்பது வேறு, மகனுடைய கேஸோடு நிற்பது வேறு. உங்கள் கடிதத்தில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. உங்களைச் சுற்றி இருப்பவர்களும் அதைத்தான் குழப்புகிறார்கள். வக்கீல், பாசம் இருந்தால் பொய் சொல் என்கிறார். மருமகள், நியாயம் இருந்தால் பாசத்தை விடு என்கிறாள். இரண்டு பேர் சொல்வதும் நீங்கள் செய்ய வேண்டியதில்லை. அவனைப் பார்க்கவும் செய்யலாம், கூண்டில் ஏறி நடந்ததை நடந்தபடி சொல்லவும் செய்யலாம். ரொம்பக் கஷ்டம்தான். ஆனாலும் இரண்டு பிள்ளைக்கும் நீங்கள் தாயாக இருக்க எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

கோர்ட் விஷயத்தை முதலில் பார்ப்போம், அதில்தான் ஆபத்து அதிகம். மாஜிஸ்திரேட் முன்னால் ஒரு தடவை சொல்லிவிட்டீர்கள். இப்போது கூண்டில் ஏறிப் "பார்க்கவில்லை" என்றால் உங்களைப் பிறழ் சாட்சி, அதாவது முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லும் சாட்சி, என்று அறிவிப்பார்கள். அதோடு முடியாமலும் போகலாம். கோர்ட்டில் பொய்ச் சாட்சி சொல்வது, இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 229வது பிரிவில், 7 வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். தாய் என்பதால் சாட்சி சொல்லாமல் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கணவன் மனைவி தங்களுக்குள் பேசிக்கொண்டதற்குத்தான் நம் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. பெற்றவர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது.

சட்டத்தை விட்டுவிட்டும் யோசித்துப் பாருங்கள். பெரியவன் கடைசியாக எப்படி இருந்தான், எப்படி விழுந்தான் என்று நேரில் கண்டு சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள். "பார்க்கவில்லை" என்று நீங்கள் சொன்னால் அவனுக்காகப் பேசவேண்டிய வாயே மூடிக்கொண்டதாக ஆகும். அதை உங்கள் மருமகள் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். கொஞ்ச நாள் கழித்து நீங்களும் மறக்க மாட்டீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். உண்மை என்பது "சின்னவன் வெட்டினான்" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடவில்லை. அவன் அரிவாளோடு வரவில்லை, வாய்ச்சண்டை முற்றி ஓர் அறை விழுந்தது, பக்கத்தில் கிடந்ததை எடுத்தான், பிறகு அவனே அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடினான். இதுவும் உண்மைதானே? இதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். முன்கூட்டித் திட்டம் போடாமல், திடீரென்று மூண்ட சண்டையில், ஆத்திரத்தில் நடந்த சாவைச் சட்டம் தனியாகப் பார்க்கிறது. கொலை என்று முடிவானால் 103வது பிரிவு: ஆயுள் அல்லது தூக்கு. கொலை ஆகாத மரணம் என்று நீதிபதி முடிவு செய்தால் 105வது பிரிவு. அதிலும் ஆயுள் வரை போகலாம் என்றாலும், 10 வருடத்துக்குள் தண்டனை அடங்கவும் வழி இருக்கிறது. உங்கள் பையன் விஷயத்தில் எது பொருந்தும் என்று நானோ நீங்களோ சொல்ல முடியாது. சண்டையில் அவன் மிதமிஞ்சிப் போனானா, கொடூரமாக நடந்துகொண்டானா என்பதையெல்லாம் நீதிபதி பார்ப்பார். தானாகக் குடித்த போதை ஒரு சாக்காக எடுபடாது. ஆனால் நீங்கள் "பார்க்கவே இல்லை" என்று சொல்லிவிட்டால் அவனுக்குச் சாதகமான உண்மையும் சேர்ந்து போய்விடும். அந்த வக்கீல் இதை உங்களிடம் சொன்னாரா?

சொல்லவில்லை என்றால் வக்கீலை மாற்றுங்கள். காசில்லை என்ற கவலை வேண்டாம். காவலில் இருப்பவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. உங்கள் மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். பெண் என்பதால் உங்களுக்கும் அங்கே இலவச ஆலோசனை உண்டு. அவனுக்கு வக்கீல் தேடுவது உங்கள் உரிமை. ஆனால் அதற்காகப் பெரியவன் பங்கிலிருக்கும் எதையும் விற்காதீர்கள். அண்ணன் பணத்தில் தம்பிக்குக் கேஸ் நடந்தது என்ற பேச்சு வந்தால் அப்புறம் எதையும் ஒட்ட வைக்க முடியாது.

அமெரிக்காவில் நடந்த ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். டெக்ஸாஸ் மாநிலத்தில் கென்ட் விட்டேக்கர் என்று ஒருவர். 2003 டிசம்பரில் அவர் வீட்டுக்குள் ஒருவன் காத்திருந்து சுட்டதில் அவர் மனைவியும் இளைய மகனும் இறந்தார்கள். அவர் மேலும் குண்டு பாய்ந்தது, பிழைத்துக்கொண்டார். திட்டம் போட்டவன் மூத்த மகன் என்று பிறகு தெரிந்தது. 2007இல் அவனுக்கு மரண தண்டனை விதித்தார்கள். மகன் குற்றம் செய்யவில்லை என்று இந்தத் தகப்பன் வாதாடவில்லை. உயிரை மட்டும் விட்டுவிடுங்கள், மிச்சமிருக்கும் ஒரு பிள்ளையையும் என்னிடமிருந்து எடுக்காதீர்கள் என்றுதான் வருடக்கணக்காகக் கேட்டார். 2018 பிப்ரவரி 22 அன்று, தண்டனை நிறைவேற ஒரு மணி நேரம்கூட இல்லாதபோது, ஆளுநர் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்.

அவர் இரக்கம் கேட்டார், பொய் சொல்லவில்லை. உங்களுக்கும் அப்படிக் கேட்க ஓர் இடம் இருக்கிறது. குற்றவாளி என்று தீர்ப்பானால், தண்டனை எவ்வளவு என்று முடிவு செய்யும் முன் நீதிபதி அதற்காகத் தனியாக ஒரு விசாரணை வைப்பார். "அவனும் என் பிள்ளை, குறைந்த தண்டனை கொடுங்கள்" என்று வக்கீல் மூலம் அப்போது கேளுங்கள்.

மனுநீதிச் சோழன் கதைக்கு வருகிறேன். திருவாரூர்க் கல்தேரைக் காட்டிக் காட்டி நமக்குச் சொல்லிக்கொடுத்த கதை, அதன் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அவன் அரசன், அந்த ஊருக்கு நீதிபதியும் அவன்தான். அவன் தண்டிக்காவிட்டால் தண்டிக்க வேறு ஆள் இல்லை. உங்கள் ஊரில் கோர்ட் இருக்கிறது. தண்டிக்கிற வேலையை அது பார்த்துக்கொள்ளும், நீங்கள் அதைத் தடுக்காமல் இருந்தால் போதும். தாய் தன் பங்குக்குத் தனியாக ஒரு தண்டனை கொடுக்க வேண்டும் என்று எந்த நீதியும் கேட்கவில்லை. இதைச் சொல்லும் சொந்தக்காரர்களில் எத்தனை பேர் மருமகளுக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கிக் கொடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது உங்கள் மருமகள். அவள் மேல் உங்களுக்கு உள்ளூரக் கோபம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. அவள் சொன்னது கொடுமையாகப் படலாம். ஆனால் அவள் இடத்திலிருந்து பாருங்கள். புருஷன் போய்விட்டான், கையில் இரண்டு பிள்ளைகள். புருஷனைக் கொன்றவனுக்கு மாமியார் சோறு கொண்டுபோகிறாள் என்று அக்கம்பக்கத்தில் பேசினால் அவளுக்கு எப்படி இருக்கும்? அவள் மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், என்றைக்குமே எதிர்பார்க்காதீர்கள். "அவனும் என் பிள்ளைதானே" என்ற வார்த்தையை அவளிடம் சொல்லவே வேண்டாம். சின்னவன் மன்னிப்புக் கேட்டான், அழுதான் என்று அங்கிருந்து சேதி கொண்டுபோகவும் வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் "ராஜியாப் போயிடுங்க" என்று அவளிடம் பேசக் கிளம்பினால் நீங்களே தடுத்து நிறுத்துங்கள். கொலை வழக்கு ராஜி செய்து முடிக்கக்கூடிய வழக்கு இல்லை. அந்தப் பேச்சு அவளை இன்னும் கொஞ்சம் மிதிப்பதில்தான் முடியும்.

அவளுக்குச் செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது, உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த மகனுக்கு அவன் மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. அதாவது பெரியவன் பெயரில் இருக்கும் பணம், வண்டி, மனை எல்லாவற்றிலும் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. தாசில்தார் அலுவலகத்தில் வாங்கும் வாரிசுச் சான்றிதழிலும் உங்கள் பெயர் வரும். கொன்றவன் கொல்லப்பட்டவனின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்று அதே சட்டத்தின் 25வது பிரிவு சொல்கிறது. ஆனால் உங்களுக்கு வந்த பங்கு உங்கள் காலத்துக்குப் பிறகு யாருக்குப் போகும்? உங்கள் மருமகள் இதை யோசிக்காமல் இருந்திருப்பாளா? மனைக்காக வந்த சண்டையில் புருஷனைப் பறிகொடுத்தவள். அந்தச் சொத்து சுற்றி வளைத்துச் சின்னவனிடமே போய்ச் சேருமோ என்ற பயம் அவளுக்கு ராத்திரியெல்லாம் இருக்கும்.

அதனால் பெரியவன் சொத்தில் உங்களுக்கு வரும் பங்கை மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் பத்திரம்) எழுதிப் பதிவு செய்து கொடுத்துவிடுங்கள். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் குடியிருக்கும் வீட்டையோ உங்கள் சொந்த ஜீவனத்தையோ விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. அவனிடமிருந்து வந்ததை அவன் பிள்ளைகளுக்கே திருப்பிவிடச் சொல்கிறேன். இதைப் பேரமாக மட்டும் செய்யாதீர்கள். "எழுதித் தருகிறேன், பிள்ளைகளைக் காட்டு" என்று ஒரு வார்த்தை வந்தாலும் செய்ததெல்லாம் வீண். குற்றத்தால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அரசு இழப்பீடும் உண்டு. நான் மேலே சொன்ன அதே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அவள் மனுக் கொடுக்கலாம். இந்தத் தகவலை அவள் அண்ணன், அப்பா யார் மூலமாவது போய்ச் சேரச் செய்யுங்கள்.

சிறைக்குப் போவதை அவளிடம் மறைக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். திருட்டுத்தனமாகப் போய், அது மூன்றாம் மனிதர் வாயால் அவள் காதுக்குப் போனால் நீங்கள் சொல்லும் எதையும் பிறகு நம்ப மாட்டாள். போவதற்கு முன்னாலேயே நேரில் சொல்லுங்கள்: "நான் அவனைப் பார்க்கப் போறேன்மா. உன் புருஷனுக்கு நடந்ததைக் கோர்ட்டுல அப்படியே சொல்லவும் போறேன். நீ என் மேல கோபப்பட்டா தாங்கிக்கிறேன்." அவள் கதவைச் சாத்தலாம். பேரப்பிள்ளைகளைக் கொஞ்ச காலம் காட்டாமலும் இருக்கலாம். அப்போதும் ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம் கட்டுங்கள், பண்டிகைக்குத் துணி எடுத்து அனுப்புங்கள். நீங்கள் சாட்சி சொல்லும் நாளில் அவள் பக்கத்து ஆட்கள் கோர்ட்டில் இருப்பார்கள். உங்கள் வார்த்தை அவள் காதுக்குப் போகும்.

உங்கள் வீட்டுக்காரரை வற்புறுத்தாதீர்கள். அவரால் முடியவில்லை, அவ்வளவுதான். பெற்றவர்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி துக்கப்பட வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. போய் வந்தால் "போய்ட்டு வந்தேன்" என்று ஒரு வரி சொல்லுங்கள், அவர் கேட்டால் மேலே சொல்லுங்கள். உங்களைத் தடுக்க மட்டும் விடாதீர்கள்.

சரி, அங்கே போய் என்ன பேசுவது? ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். எதைக் கொடுக்கலாம், எதைக் கூடாது என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். நீங்கள் சாட்சி. என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதை அவனிடம் பேசினால் அது அவனுக்கும் கெடுதல், உங்களுக்கும் கெடுதல். "அம்மா, பார்க்கலேன்னு சொல்லிடும்மா" என்று அவனே கேட்கக்கூடும். அதற்குத் தயாராகப் போங்கள். "பொய் சொல்ல மாட்டேன், ஆனா உன்னைப் பார்க்க வருவேன்" என்பதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் பெயரைத் தவிர்க்காதீர்கள். அந்தப் பெயரைச் சொல்லாமலேயே இரண்டு பேரும் பேசப் பழகிவிட்டால், செய்ததை அவன் நேருக்கு நேர் பார்க்கவே மாட்டான். அவன் பேச்சில் சாவைப் பற்றி ஏதாவது வந்தால் "சும்மா சொல்கிறான்" என்று விட்டுவிடாமல் வெளியே வரும்போது ஜெயில் அதிகாரியிடமே சொல்லிவிட்டு வாருங்கள்.

உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொன்றவனைப் பெற்றவள் என்பதால், செத்தவனைப் பெற்றவளாக உங்களை யாரும் துக்கம் விசாரிக்கவில்லை போலிருக்கிறது. டெக்ஸாஸிலேயே, ஆபிலீன் ஊரில், சாரிட்டி லீ என்ற தாய்க்கு 2007இல் இதே கதி வந்தது. 13 வயது மகன் 4 வயதுத் தங்கையைக் கொன்றுவிட்டான். 40 வருடத் தண்டனை. அவர் மகளின் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார், மகனையும் சிறையில் போய்ப் பார்த்தார். மகன் மேல் பாசம் உண்டு, அவன் வெளியே வருவதை நினைத்தால் பயமும் உண்டு என்று இரண்டையும் மறைக்காமல் வெளியே பேசினார். உங்களுக்கும் சின்னவன் மேல் பாசம், கோபம், பயம், வெறுப்பு எல்லாம் ஒரே நாளில் வந்து போகும். அதற்காக உங்களை நீங்களே குற்றவாளியாக்கிக்கொள்ளாதீர்கள். "வளர்ப்பு சரியில்லை" என்கிறவர்களிடம் பதில் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டாம். அதே வீட்டில், அதே கையால்தான் பெரியவனும் வளர்ந்தான். ராத்திரி தூக்கமே வரவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

கடைசியாக பெயில். கிடைத்தாலும் இப்போதைக்கு அவனை உங்கள் வீட்டில் சேர்க்காதீர்கள். சாட்சியான தாயோடு ஒரே கூரையில் அவன் இருந்தால், சாட்சியைக் கலைக்கிறான் என்று சொல்லி பெயிலை ரத்து செய்யக் கேட்க முடியும். அதைவிட முக்கியம், அது பெரியவன் செத்த வீடு. பேரப்பிள்ளைகள் என்றைக்காவது திரும்பி வர வேண்டிய வீடும் அதுதான். வேறு ஊரில் ஓர் அறை பார்த்துக் கொடுங்கள், குடியை விட அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குச் சேர்த்துவிடுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா சரியாயிடுவான்" என்று கட்டாயம் ஒருவர் வந்து சொல்வார். அந்தப் பேச்சை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள், யார் வீட்டுப் பெண்ணையும் இதற்குள் இழுக்க வேண்டாம். பெரியவனுக்கு தலை திவசம் வருமே, அதற்குள் விடுதலைப் பத்திர வேலையை முடிக்கப் பாருங்கள். திவசத்தை மருமகள் எங்கே வைத்துச் செய்ய விரும்புகிறாள் என்று கேட்டு, அவள் சொல்லும் இடத்தில் செய்யுங்கள்.